ஒரே ஆட்சியர், இரண்டு கோப்புகள்: பழைய துப்பாக்கி விற்பனையும் வன்கொடுமைத் தடுப்பு விதிகளும்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இணைய வரி விளம்பரத்தில் விற்பனைக்கு வருகிறது. நான்கு வரிகளில் விவரம் முடிந்துவிடுகிறது: 12 போர், எந்த நாட்டுத் தயாரிப்பு, எத்தனை ஆண்டுப் பழக்கம், விலை நேரில். கடைசி வரியில் ‘உரிமம் உள்ளவர்கள் மட்டும் அழைக்கவும்’ என்றிருக்கும். இத்தகைய விளம்பரங்களில் ஒரு பகுதி முன்பணம் பறிப்பதற்கான மோசடி. இன்னொரு பகுதி கள்ளத் துப்பாக்கிக்கான தூண்டில். இவ்விரண்டையும் காவல் துறை பார்த்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். நாம் இங்கே பேச விரும்புவது மூன்றாவது வகையைப் பற்றி. விற்பவருக்கும் உரிமம் இருக்கிறது, வாங்குபவருக்கும் உரிமம் இருக்கிறது, விற்பனையும் சட்டப்படியே நடக்கிறது. அந்தத் துப்பாக்கி போய்ச் சேரும் ஊரில் ஒரு சேரி இருக்கிறதா, அங்கே சாதிப் பகை புகைந்துகொண்டிருக்கிறதா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கடமை ஓர் அதிகாரிக்கு உண்டு. அவர் மாவட்ட ஆட்சியர். துப்பாக்கி உரிமம் வழங்குபவரும் அவரே; பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமையைத் தடுக்க வேண்டியவரும் அவரே. ஆனால் அவர் மேசைக்கு வரும் இந்த இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து இதை விளக்க முற்படுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கி விற்பனைக்கு வணிகர் உரிமம் வேண்டும் என்கிறது. அதற்கு ஒரு விலக்கைப் பிரிவு 5(2) தருகிறது. சொந்தப் பயன்பாட்டுக்காகச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை, அதை வைத்திருக்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு வணிகர் உரிமம் இல்லாமலேயே ஒருவர் விற்கலாம். நிபந்தனைகள் இரண்டு. விற்கும் எண்ணத்தையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட நடுவருக்கோ, அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு 45 நாள்களுக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும்.

அந்த 45 நாள்கள் சடங்குக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. வாங்குபவர் யார், அவரிடம் இந்த ஆயுதம் போவது பொது அமைதிக்கு உகந்ததா என்று அரசு பார்ப்பதற்கான அவகாசம் அது. ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. முதலாவது, ‘மாவட்ட நடுவருக்கோ, காவல் நிலையத்துக்கோ’ என்பதில் உள்ள ‘அல்லது’. விற்பவர் தம் ஊர்க் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை பெற்றாலே போதும் என்று வாசிக்க இடமுண்டு. சேலத்தில் விற்பவர் சேலத்தில் தெரிவிப்பார். துப்பாக்கியோ செந்துறைக்கு வரும். இரண்டாவது, சட்டம் கேட்பது தகவலை மட்டுமே, ஒப்புதலை அல்ல. யாரும் மறுமொழி சொல்லாவிட்டால் 46ஆம் நாள் துப்பாக்கி கைமாறலாம்.

வாங்குபவரின் உரிமத்தில் அந்தத் துப்பாக்கி பதிவாக வேண்டும் என்பது உண்மை. அப்பதிவு அவருடைய மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில்தான் நடக்கும். எனவே தகவல் வந்து சேருவதேயில்லை என்று நாம் சொல்லவில்லை. வந்து சேரும் தகவல் ஆயுத உரிமப் பிரிவின் எழுத்தர் மேசையிலேயே தங்கிவிடுகிறது என்கிறோம்.

இன்னொரு சட்ட நுணுக்கமும் உண்டு. பிரிவு 5(1) ‘விற்பது’, ‘விற்பனைக்காகக் காட்சிப்படுத்துவது அல்லது விற்க முன்வருவது’ ஆகிய இரண்டையும் தனித்தனியே குறிப்பிட்டு உரிமம் கோருகிறது. பிரிவு 5(2) தரும் விலக்கு விற்பதற்கும் மாற்றிக் கொடுப்பதற்குமே. அப்படியானால் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் வண்ணம் துப்பாக்கிக்கு விளம்பரம் செய்வது அந்த விலக்குக்குள் அடங்குமா? அடங்காது என்பது எங்கள் வாசிப்பு. 1959இல் இந்த விலக்கை எழுதியோர் மனத்தில் இருந்தது தெரிந்தவருக்குத் தெரிந்தவர் விற்பது. திறந்த சந்தை அல்ல.

அச்சந்தை வளர்ந்ததற்கும் காரணங்கள் உண்டு. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது கட்டுப்படுத்தப்பட்டதால், அதற்கு முன் வந்தவை பழையவை ஆக ஆக விலை ஏறின. 2019 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 3இலிருந்து 2ஆகக் குறைத்தது. மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கவோ விற்கவோ வேண்டிய நிலை வந்தது. அதே திருத்தம் உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனையை 2 முதல் 5 ஆண்டுகளாகவும், சட்டவிரோதமாகத் தயாரிப்பதற்கும் விற்பதற்குமான தண்டனையை 7 ஆண்டுகள் முதல் ஆயுள் வரையாகவும் உயர்த்தியது. கள்ளச் சந்தைக்குத் தண்டனை கூடியது. உரிமம் பெற்றோருக்கு இடையிலான தனியார் சந்தையைப் பற்றி அத்திருத்தம் பெரிதாகக் கவலைப்படவில்லை.

அமெரிக்காவில் இதே கேள்வி எங்கே போய் முடிந்தது என்பதை நினைவில் கொள்வது நல்லது. 2012இல் விஸ்கான்சின் மாநிலத்தில், மனைவியை நெருங்கக் கூடாதென நீதிமன்றத் தடை பெற்றிருந்த ஒருவர், ஆர்ம்ஸ்லிஸ்ட் என்ற வரி விளம்பரத் தளத்தின் வழியே தனியார் ஒருவரிடம் துப்பாக்கி வாங்கி, மனைவி உட்பட மூன்று பெண்களைக் கொன்றார். தடையுத்தரவு இருந்தது, ஆனால் தனியார் விற்பனையில் அதைச் சரிபார்க்கும் கடமை விற்பவருக்கு இல்லை. தளத்தின்மீது தொடரப்பட்ட வழக்கை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் ஏற்கவில்லை. ஃபேஸ்புக் நிறுவனம் 2016இல் தனியார் துப்பாக்கி விற்பனைப் பதிவுகளைத் தடை செய்ததும் இத்தகைய நிகழ்வுகள் எழுப்பிய அழுத்தத்தால்தான். ஆபத்தில் இருந்தவர் யார் என்பது அரசின் ஒரு கோப்பில் இருந்தது. துப்பாக்கி யாருக்குப் போகிறது என்பது அந்தக் கோப்பைத் தொடவே இல்லை. நமது சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிடக் கடுமையானது. ஆனாலும் இந்தப் பிளவு இங்கேயும் உண்டு.

துப்பாக்கி யாரிடம் இருக்கிறது?

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கியது என்று பாடநூல்கள் சொல்கின்றன. எல்லா இந்தியர்களையும் அல்ல என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பியர்களோடு அரசர்களும் பட்டம் பெற்றோரும் அதன் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெற்றனர். அந்த வழக்கத்தின் எச்சம் இன்றும் கண்முன் உள்ளது. கர்நாடகத்தின் குடகில், ‘குடகு இனத்தவர்’ என்பதாலும் ‘ஜம்மா’ நிலம் வைத்திருப்பதாலும் உரிமமின்றியே துப்பாக்கி வைத்துக்கொள்ளும் விலக்கை ஒன்றிய அரசு 2019இல் மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைச் செல்லுமென்றது. பிறப்பும் நிலமும் துப்பாக்கிக்குத் தகுதியாகும் என்பதை 21ஆம் நூற்றாண்டிலும் சட்டம் ஏற்கிறது.

குடகுக்கு வெளியே இது எழுத்தில் இல்லை, நடைமுறையில் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக நாட்டுத் துப்பாக்கி உரிமம் கேட்கலாம் என்கிறது பிரிவு 13. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூர் மாவட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை உண்மையானது. ஆனால் பயிரைக் காக்கப் பயிர் இருக்க வேண்டும். பயிருக்கு நிலம் இருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் சுமார் 31 விழுக்காட்டினரும் அரியலூர் மாவட்ட மக்களில் சுமார் 23 விழுக்காட்டினரும் பட்டியல் சாதியினர். அவர்களில் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவர்கள். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 25ஆம் விதி, உரிமதாரர் இறந்த பின்போ, அவர் 70 வயதை எட்டும்போதோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்த பின்போ வாரிசுக்கு உரிமம் கோர வழி செய்கிறது. பட்டா போலவே துப்பாக்கியும் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. வாரிசு விரும்பாதபோது அது விளம்பரத்துக்கு வருகிறது; ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும் இன்னொருவரிடம் போகிறது. சுற்று முழுமையடைகிறது.

வியப்பு என்னவெனில், அதே ஆயுதச் சட்டத்தின் பிரிவு 14(2), போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது. இந்த வரியை நீதிமன்றத்தில் எடுத்துக் கூறும் வாய்ப்பு எங்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது. காரணம், விண்ணப்பிக்கும் துணிவே ஏழைகளுக்கு வருவதில்லை.

எதிர்முனையில் நரிக்குறவர்கள். பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் அவர்களது குடியிருப்பு உண்டு. வேட்டையே வாழ்வாக இருந்தவர்களை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குற்றவாளிகளாக்கியது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் வழியே அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தனர். நாட்டுத் துப்பாக்கியுடன் பிடிபடும் ஏழையின் படம் மறுநாள் நாளிதழில் வரும். உரிமம் பெற்ற இரட்டைக்குழலைத் திண்ணையில் வைத்துச் சேரியை மிரட்டுபவரின் படம் எங்கும் வருவதில்லை.

சுடாத துப்பாக்கி

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தமிழகத்தில் வன்கொடுமையின் ஆயுதம் பெரும்பாலும் துப்பாக்கி அல்ல. 2019 ஏப்ரல் 18 அன்று, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாளில், அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தின் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டபோது பறந்தவை கற்கள், சுழன்றவை தடிகள். பீகாரின் பதானி டோலாவிலும் லக்ஷ்மண்பூர் பாதேயிலும் ரண்வீர் சேனா நிகழ்த்திய துப்பாக்கிப் படுகொலைகளைப் போன்றவை இங்கே வழக்கமல்ல. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணிக்கு வந்த நிலவுடைமையாளர்களின் கும்பலிடம் துப்பாக்கிகள் இருந்தன. 44 உயிர்களைப் பறித்தது தீ. துப்பாக்கியின் வேலை மக்களை ஓடவைத்ததும் ஒரு குடிசைக்குள் ஒடுங்கவைத்ததும்தான்.

அந்த வேலையைத் துப்பாக்கி இன்றும் செய்கிறது. மத்திய மாவட்டங்களில் நாங்கள் நடத்திய ஒரு வழக்கைச் சொல்கிறோம். தரப்பினரின் பாதுகாப்புக்காக ஊரையும் அலுவலகங்களையும் பெயரிடவில்லை. சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதையை அடைத்துவிட்ட ஒரு நிலவுடைமையாளருக்கு எதிராக மக்கள் திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் தொடர்ந்து மனுக் கொடுத்து வந்தார்கள். ஒருநாள் மாலை அவர் அடைத்த பாதையின் ஓரம் நாற்காலி போட்டு அமர்ந்து, மடியில் துப்பாக்கியை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த வாரம் இறந்த மூதாட்டி ஒருவரின் உடலைச் சுற்றுவழியில், இடுப்பளவு நீர் ஓடும் வாய்க்காலில் இறங்கிச் சுமந்து போனார்கள். காவல் நிலையத்தில் புகார் எழுதியபோது துப்பாக்கியைப் பற்றிய வரி விடுபட்டது. ‘சுடவில்லையே’ என்றார் எழுதியவர்.

பின்னர்தான் தெரிந்தது, அந்தத் துப்பாக்கி அவரது குடும்பத்தில் பழையதல்ல. தகராறு தொடங்கிய பிறகு, தம்மிடமிருந்த ஒற்றைக்குழலை விற்றுவிட்டு, வேறு மாவட்டத்து முதியவர் ஒருவரின் விளம்பரத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறார். எல்லாம் முறைப்படி. உரிமத்தில் பதிவும் இருந்தது. சேரி மக்களின் மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கொடுத்த அதே அலுவலக வளாகத்தில், அதே மாதங்களில், அந்தப் பதிவும் நடந்திருக்கிறது.

‘சுடவில்லையே’ என்பதற்குச் சட்டத்தில் விடையுண்டு. குற்றமுறு மிரட்டல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்ற குற்றம். பாதிக்கப்படுபவர் பட்டியல் சாதியினர் என்று அறிந்தே அதைச் செய்தால் பிரிவு 3(2)(va) பொருந்தும். ஆயுதச் சட்டத்தின் பிரிவு 17, பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் தேவையென்றால் உரிமத்தை நிறுத்திவைக்கவோ நீக்கவோ அதிகாரம் தருகிறது. துப்பாக்கி சுட வேண்டும் என்று எந்தப் பிரிவும் எதிர்பார்க்கவில்லை.

மறந்துபோன விதி

1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் மூன்றாவது விதியை நம் வாசகர்கள் ஒருமுறையாவது முழுமையாகப் படிக்க வேண்டும். வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை அரசு கண்டறிய வேண்டும். அப்பகுதிகளில், தேவையென்று கருதினால், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை நீக்கி, ஆயுதங்களை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களின் நெருங்கிய உறவினர், பணியாளர், குடும்ப நண்பர்கள் ஆகியோரின் உரிமங்களுக்கும் இது பொருந்தும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்து அவற்றின் தயாரிப்பைத் தடுக்க வேண்டும். தேவையெனில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தற்காப்புக்காக உரிமம் வழங்க வேண்டும்.

‘உறவினர், பணியாளர், குடும்ப நண்பர்கள்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ஒருவரின் உரிமத்தை நீக்கினால் துப்பாக்கி அண்ணன் வீட்டுக்கோ கணக்குப்பிள்ளை வீட்டுக்கோ போய்விடும் என்பதை விதியை எழுதியோர் அறிந்திருந்தார்கள். துப்பாக்கி நகரும் பொருள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, கண்டறியப்பட்ட பகுதிக்குள் விலைக்கு வந்து சேரும் துப்பாக்கியைக் கண்காணிப்பதும் அந்த விதியின் நோக்கத்துக்குள் அடங்கும் என்று நாங்கள் வாதிடுகிறோம். இருக்கும் ஆயுதத்தை அகற்றச் சொல்லும் விதி, புதிதாக வரும் ஆயுதத்தைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லியிருக்க முடியாது.

தேர்தல் காலத்தில் அரசு இதைச் செய்யவே செய்கிறது. எந்த உரிமதாரர் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று மாவட்ட அளவில் ஒரு குழு அமர்ந்து முடிவெடுக்கிறது. வாக்குப்பதிவின் அமைதிக்காக முடிவது, சேரியின் அமைதிக்காக ஏன் முடியாது? 2023 பிப்ரவரியில், உத்தரப்பிரதேச வழக்கொன்றில், உரிமமற்ற துப்பாக்கிகளின் பெருக்கத்தை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல என்பதையும் அப்போது சுட்டிக்காட்டியது. உரிமம் என்பது அரசு தரும் அனுமதி. அனுமதி தருபவருக்கு அது எங்கே போகிறது என்று பார்க்கும் பொறுப்பும் உண்டு.

எங்களுக்கும் துப்பாக்கியா?

இளைஞர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது: மூன்றாவது விதி நமக்கும் உரிமம் தரச் சொல்கிறதே, ஏன் கேட்கக் கூடாது? கேட்கலாம். அது சட்டம் தந்த வழி. உயிருக்கு அச்சுறுத்தல் உள்ள ஊராட்சித் தலைவரோ, சாட்சியோ விண்ணப்பித்தால் நாங்கள் துணை நிற்போம். சொத்தைக் காரணம் காட்டி மறுத்தால் பிரிவு 14(2)ஐ முன்வைப்போம். ஆனால் இதைத் தீர்வாக நாங்கள் நம்பவில்லை. தினக்கூலி வாங்கும் ஒருவரால் துப்பாக்கியின் விலையையும் தோட்டாவின் விலையையும் தாங்க முடியாது. மோதல் வந்தால் முதலில் பறிமுதலாகும் துப்பாக்கியும், முதலில் கைதாகும் உடலும் யாருடையவை என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். ஊரின் கையில் உள்ளதைக் குறைப்பதே சேரிக்குப் பாதுகாப்பு. விதியின் வரிசையும் அதுவே: முதலில் உரிம நீக்கம், அடுத்துப் பறிமுதல், அதன் பிறகே தற்காப்புக்கான உரிமம்.

இனிச் செய்ய வேண்டியவை புதிய சட்டம் எதையும் வேண்டுபவை அல்ல. பிரிவு 5(2)இன்கீழ் காவல் நிலையங்களுக்கு வரும் ஒவ்வொரு விற்பனைத் தகவலும் வாங்குபவரின் மாவட்ட ஆட்சியருக்கு உடனே அனுப்பப்பட வேண்டும் என ஒரு சுற்றறிக்கை போதும். வாங்குபவரின் ஊர், கண்டறியப்பட்ட கிராமங்களின் பட்டியலில் உள்ளதா, அவர் மீதோ குடும்பத்தார் மீதோ வன்கொடுமைப் புகார் நிலுவையில் உள்ளதா என்று 45 நாள்களுக்குள் பார்க்க வேண்டும். இருந்தால் உரிமத்தில் அந்தத் துப்பாக்கியைப் பதிவு செய்யக் கூடாது. ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டிய விழிகண் கண்காணிப்புக் குழுவின் பொருள்நிரலில் துப்பாக்கி உரிமங்கள் இடம்பெற வேண்டும். விதிகளின்படி அமைந்த குழு அது. அதில் நம்மவர்களும் உறுப்பினர்கள்.

பெரம்பலூர், அரியலூர் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இரு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களுக்கும் நான்கு கேள்விகளை அனுப்புங்கள். மாவட்டத்தில் நடப்பிலுள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை? கடந்த ஐந்தாண்டுகளில் பிரிவு 5(2)இன்கீழ் வந்த விற்பனைத் தகவல்கள் எத்தனை? மூன்றாவது விதியின்கீழ் கண்டறியப்பட்ட கிராமங்கள் எவை? அக்கிராமங்களில் நீக்கப்பட்ட உரிமங்கள் எத்தனை? உரிமதாரர்களின் பெயர்களைக் கேட்காதீர்கள்; தனிநபர் தகவல் என்று மனு முழுவதையும் தள்ளிவிட அது வழியாகும். எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். 30 நாள்களில் விடை வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

நான்காவது கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடை வந்தால், அதையே எடுத்துக்கொண்டு கண்காணிப்புக் குழுவுக்குப் போவோம். அங்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போவோம். கடமையில் வேண்டுமென்றே தவறும் அரசு ஊழியருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 4 தண்டனை விதிக்கிறது என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுவோம். வாய்க்காலில் இறங்கிப் பிணம் சுமந்தவர்கள் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: அவர் கையில் அந்தத் துப்பாக்கி வந்தது அதிகாரிகளுக்குத் தெரியாதா? தெரியும் என்பதே விடை. அறிந்திருந்தும் இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்காததற்கு அவர்கள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.